நந்தியா, நாசிக்கா, கம்பமா: திராட்சை அறுவடைக்கு எந்தப் பக்கம் போவது?

பொங்கலுக்கு ஊருக்குப் போனவர்கள் பெங்களூர் திரும்பி ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. எங்கள் குடியிருப்பின் மூன்றாவது மாடி அண்ணன் லிஃப்டில் பிடித்துக்கொண்டார். "தம்பி, வைன் தோட்டத்துல அறுவடை நடக்குதாமே. நந்திப் பக்கம் போனா போதுமா, இல்ல ஒரேயடியா நாசிக்குக்கே டிக்கெட் போட்டுடலாமா?" அலுவலகத்தில் இரண்டு பேர் இதையே கேட்டார்கள். அதில் ஒருத்தி கம்பத்துக்காரி. சொந்த ஊரில் திராட்சைப் பந்தலுக்குக் கீழே வளர்ந்துவிட்டு நாசிக்குக்கு வழி கேட்கிறாளே என்று சிரிப்பு வந்தது. ஆனால் அவள் கேட்டதும் நியாயம்தான். அவளுக்கு வேண்டியது வேறு.

பெங்களூரை ஒட்டிய நந்தி மலை, மகாராஷ்டிரத்து நாசிக், தேனி மாவட்டத்துக் கம்பம் என்று மூன்று பக்கமும் நான் போயிருக்கிறேன். நந்திக்குப் பல முறை, நாசிக்குக்கு இரண்டு முறை. என் மாமியார் ஊர் உத்தமபாளையம், அதனால் கம்பத்துக்குக் கணக்கே இல்லை. கம்பத்தின் மேல் எனக்குக் கொஞ்சம் சாய்வு உண்டு என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். படிக்கும்போது அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

முதலில் எதையெல்லாம் யோசிப்பது

அறுவடையைப் பார்ப்பது வேறு, அறுவடைக் காலத்தைக் கொண்டாடுவது வேறு. கொடியிலிருந்து குலை வெட்டுவதையும், கூடை நிறைவதையும், ஆலைக்குள் நொதிக்கும் வாசனையையும் தேடிப் போகிறீர்களா? அல்லது கையில் ஒரு கோப்பை, எதிரே மலை, பின்னால் பாட்டு என்று ஒரு சாயங்காலம் வேண்டுமா? இதற்குப் பதில் தெரிந்தால் பாதி முடிவு ஆகிவிடும். போய் ஏமாந்து வந்தவர்களில் பெரும்பாலோர் ஒன்றை நினைத்துக்கொண்டு இன்னொன்றுக்குப் போனவர்கள்.

அடுத்தது, கூட யார் வருகிறார்கள். அம்மா, குழந்தைகள், குடிக்காத மாப்பிள்ளை என்று கூட்டம் கலவையாக இருந்தால் வைனரியில், அதாவது வைன் ஆலையில், பாதிப் பேர் செல்போனை நோண்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

மூன்றாவது, திரும்பி வரும்போது வண்டி ஓட்டுவது யார். நூறு மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால் தாண்டினால் முதல் முறையே பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. ஐந்து வகை வைனை ஒவ்வொரு வாய் சுவைத்தாலும் எல்லாம் உள்ளேதான் போகிறது. "ருசி பார்த்தேன், குடிக்கவில்லை" என்றால் ஊதச் சொல்லும் போலீஸ்காரர் கேட்க மாட்டார்.

நான்காவது தேதி. பிரான்சில் செப்டம்பர், அக்டோபரில் வெட்டுகிற திராட்சையை நாம் ஜனவரி முதல் மார்ச் வரை வெட்டுகிறோம். எல்லாம் மழையால் வந்த மாற்றம். நம் வெயிலில் கொடி தூங்குவதே இல்லை, சும்மா விட்டால் வருடம் முழுக்கத் தழைத்துக்கொண்டே இருக்கும். அதனால் வைன் திராட்சைக்கு இரண்டு கவாத்து, அதாவது கிளையை வெட்டிவிடுவது. ஏப்ரல் வாக்கில் ஒன்று, அது கொடிக்குத் தெம்பு ஏற்ற. மழை ஓய்ந்து செப்டம்பர், அக்டோபரில் இன்னொன்று, அது காய்ப்புக்கு. அங்கிருந்து நாலைந்து மாதம் எண்ணினால் அறுவடை. வெள்ளை வைனுக்கான ஷெனான் பிளாங்க், சோவினியோன் பிளாங்க் முந்திக்கொள்ளும். சிவப்புக்கான ஷிராஸும் கேபர்னே சோவினியோனும் பிப்ரவரி, மார்ச்சில்தான் சாவகாசமாக வரும். ஏப்ரல் பள்ளி விடுமுறைக்குத் திட்டம் போட்டால் பல இடங்களில் வெறும் இலைதான் இருக்கும்.

தேதி என்றதும் இன்னொன்று. ஜனவரி 26 டிரை டே, மது விற்கவே கூடாத நாள். சொன்னால் சிரிப்பீர்கள், ஒரு வருடம் நாங்கள் ஆறு பேர் அன்றைக்குத்தான் ஒரு வைனரிக்குப் போய் இறங்கினோம். மூன்று நாள் விடுமுறை கிடைத்த சந்தோஷத்தில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. முன்பதிவை எடுத்தவர்களும் வாய் திறக்கவில்லை. ஆளுக்கு ஒரு டம்ளர் திராட்சைச் சாறு கொடுத்து அனுப்பிவைத்தார்கள். அந்தப் பக்கம் தேர்தல் ஏதாவது இருந்தாலும் கவனியுங்கள், வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரமும் இதே கதைதான்.

நந்தி அடிவாரம்: காலையில் போய் இரவுச் சாப்பாட்டுக்குத் திரும்ப

அல்சூரில் இருந்து ஹெப்பாள், தேவனஹள்ளி வழியாகத் தொட்டபள்ளாபுரம் பக்கம் போக நெரிசல் இல்லாத நாளில் ஒன்றரை மணி நேரம் போதும். நந்தி மலை 1478 மீட்டர். பெங்களூரே தொள்ளாயிரம் மீட்டருக்கு மேல் உட்கார்ந்திருக்கிற ஊர். பகலில் வெயில், ராத்திரியில் குளிர் என்கிற இந்த இழுபறிதான் பழத்தில் சர்க்கரை ஏறும்போதே புளிப்பும் குறையாமல் காப்பாற்றுகிறது. இந்த இடத்தை நம்பித்தான் கன்வல் குரோவர் 1988இல் இங்கே பிரெஞ்சு ரகங்களை ஊன்றினார். இன்றைக்கு அது குரோவர் ஜம்பா என்கிற வைனரி. முன்பதிவு செய்தால் தோட்டம், எஃகுத் தொட்டி, ஓக் பீப்பாய் எல்லாவற்றையும் சுற்றிக் காட்டி, கடைசியில் சில வகைகளைச் சுவைக்கக் கொடுப்பார்கள்.

அறுவடை பார்க்கிற எண்ணம் இருந்தால் ஒரு விஷயம். பழத்தை வெயில் ஏறுவதற்கு முன்பே பறிப்பார்கள். சூடான பழம் தொட்டிக்குப் போவதற்குள் தானாகவே நொதிக்கத் தொடங்கிவிடும் என்பதால் இப்படி. பதினோரு மணிச் சுற்றுக்குப் போகிறவர் கண்ணில் படுவது காலிக் கொடியும் நிறைந்த தொட்டியும்தான். அதுவும் வீண் இல்லை. நொதிக்கிற கூடத்துக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறுகிற நெடி, புளித்த மாவும் பழுத்த பலாவும் கலந்த மாதிரி, வேறு எந்த மாதத்திலும் கிடைக்காது. ஆனால் வெட்டுகிற கையைப் பார்க்க வேண்டுமென்றால் முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள்: "என்றைக்குப் பறிக்கிறீர்கள், எத்தனை மணிக்கு வந்தால் பார்க்கலாம்?" வார நாளில் கேட்டால் பெரும்பாலும் நல்ல பதிலாக வரும்.

திராட்சை மிதிப்பது பற்றியும் சொல்ல வேண்டும். தொட்டியில் இறங்கிக் குழந்தைகள் குதிப்பார்கள், பெரியவர்கள் படம் எடுத்துக்கொள்வார்கள், எல்லோருக்கும் கால் ஊதாவாகும். சந்தோஷமான வேலைதான். நீங்கள் மிதித்த சாறு பாட்டிலுக்குப் போகாது, அதற்கெல்லாம் இயந்திரம் இருக்கிறது. வேட்டி, வெள்ளைக் குர்தா வேண்டாம். கறை போகாது, நான் பட்டிருக்கிறேன்.

இங்கே வெளியில் தெரியாத செலவு வண்டிதான். அங்கிருந்து திரும்ப வாடகைக் கார் சட்டென்று கிடைக்காது. போகும்போதே நாள் வாடகைக்கு ஓட்டுநரோடு பேசிக்கொண்டு போவதுதான் உத்தமம், அல்லது ஒருவர் அன்றைக்கு விரதம் இருக்க வேண்டும். இரண்டாவது செலவு, ஞாயிற்றுக்கிழமை. சூரிய உதயம் பார்க்க நந்தி ஏறுகிற கூட்டத்தோடு மாட்டினால் வைனரிக்கு ஒதுக்கிய நேரம் மலைப்பாதையிலேயே கரைந்துவிடும். இரண்டையும் ஒரே காலையில் முடிக்கலாம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

போகும் வழியில் சிக்கபள்ளாபுரம் பக்கம் பந்தல் பந்தலாகத் தெரிவது வைன் ரகம் இல்லை, பெங்களூர் புளூ. தோல் வழுக்கிக்கொண்டு கழன்று வரும், வாசனை தூக்கும், புளிப்பு நாக்கைச் சுருட்டும். 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய நம்மூர்ப் பழம். வண்டியை நிறுத்தி ஒரு கிலோ வாங்குங்கள். வைன் திராட்சையைச் சாப்பிட்டுப் பார்த்து, "இதென்ன, பட்டாணி அளவில் கொட்டையும் தோலுமாக இருக்கிறதே" என்று ஏமாந்த குழந்தைகளுக்கு இதுதான் ஆறுதல்.

மைசூர் சாலையில் சன்னபட்டணம் அருகே டொமைன் சுலா என்கிற வைனரி இருக்கிறது. மைசூர் போகிற வேலை இருந்தால் அதையும் யோசிக்கலாம். ஆனால் 2023இல் திறந்த விரைவுச்சாலை சன்னபட்டணத்தைத் தொடாமலே போய்விடும், பழைய சாலைக்கு இறங்க மறந்தால் நேராக மத்தூர் வடைதான்.

நாசிக்: கொண்டாட்டம் வேண்டுமென்றால்

சுவைப்பதற்கென்று ஓர் அறை, தங்க விடுதி, தோட்டத்தைப் பார்த்தபடி சாப்பாடு, சாயங்காலம் கச்சேரி என்று எல்லாமே விருந்தாளிக்காகவே அமைந்திருக்கிற ஒரே இடம் நாசிக். ராஜீவ் சாமந்த் அமெரிக்காவிலிருந்து திரும்பி, கங்காபூர் அணைப் பக்கம் இருந்த குடும்ப நிலத்தில் தொடங்கியது சுலா. அதைத் தொடர்ந்து யார்க், சோமா, இகத்புரிப் பக்கம் வலோன், திண்டோரியில் ஷாண்டோன் என்று வரிசை நீள்கிறது. மகாராஷ்டிர அரசு 2001இல் கொண்டுவந்த திராட்சைப் பதனக் கொள்கைக்கு இதில் பெரிய பங்கு உண்டு. கர்நாடகம் தன் வைன் கொள்கைக்கு வர 2007 ஆனது. அந்த இடைவெளி இரண்டு இடங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால் கண்ணில் தெரியும்.

சுலாஃபெஸ்ட் என்கிற இசை விழா 2008இல் தொடங்கியது. 2020க்குப் பிறகு நின்றுபோய், 2025 பிப்ரவரியில் மீண்டும் வந்தது. அதற்குப் போவது நல்ல அனுபவம்தான், ஆனால் அதை அறுவடை என்று எண்ணிப் போகாதீர்கள். விழா நாளில் தோட்டம் வெறும் பின்னணித் திரை. நான் முதல் முறை போனது கூட்டமான ஒரு சனிக்கிழமை. கோப்பைக்கு வரிசை, கழிவறைக்கு வரிசை, படம் எடுக்கவும் வரிசை. இரண்டாவது முறை பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை போனேன். அதே இடமா என்று சந்தேகம் வந்தது. சுற்றிக் காட்டிய பெண் சாவகாசமாக நின்று, பழத்தைக் கசக்கிச் சர்க்கரை அளக்கும் கருவியில் ஒரு சொட்டு விட்டுக் காட்டினாள். நாம் சாப்பிடும் திராட்சையில் 16, 18 பிரிக்ஸ் (சர்க்கரையை அளக்கும் அலகு) இருந்தால் இனிப்பு என்கிறோம். வைனுக்கு 22க்கு மேல் வரும்வரை காத்திருப்பார்கள். அந்தச் சர்க்கரைதான் பிறகு போதையாக மாறுகிறது.

சரி, செலவு. பெங்களூரில் இருந்து சாலை வழி ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல், ஆகவே கார் வேண்டாம். விமானம் என்றால் நாசிக்கின் ஓஜர் நிலையத்துக்கு நேரடியாகக் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் புனேயில் இறங்கி 210 கிலோமீட்டர், மும்பையில் இறங்கினால் சுமார் 170. இரண்டு இரவாவது தங்காமல் போவது பணத்துக்குக் கேடு. ஒவ்வொரு வைனரியும் ஒவ்வொரு திசையில் இருப்பதால் இங்கேயும் நாள் முழுக்க ஓட்டுநர் வேண்டும். தோட்ட விடுதிகளில் வாரக்கடைசி வாடகையும் வார நாள் வாடகையும் ஒன்றல்ல. அந்த வித்தியாசத்தைப் பார்த்த பிறகு இரண்டு நாள் லீவு எழுதிக் கொடுப்பது லாபம் என்று புரியும். 2027 சிம்ஹஸ்த கும்பமேளாவை ஒட்டிப் போகிறவர்கள் வாடகையைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.

ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரி விடியலில் நாசிக் குளிர் நம்மைப் போன்றவர்களுக்குச் சிரமம். பக்கத்து நிபாட் வட்டாரத்தில் வெப்பம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிடும்.

அம்மா, மாமனாரோடு போகிறவர்களுக்கு நாசிக்கில் ஒரு வசதி இருக்கிறது. முப்பது கிலோமீட்டரில் ஜோதிர்லிங்கத் தலமான திரியம்பகேஸ்வரர் கோவில், ஊருக்குள்ளேயே கோதாவரிக் கரையில் பஞ்சவடி. பெரியவர்களைக் காலையில் கோவிலுக்கு அழைத்துப்போய்விட்டு, மதியம் அவர்கள் அறையில் ஓய்வெடுக்கும்போது நீங்கள் தோட்டத்துக்குப் போகலாம். யாரும் எதுவும் கேட்காத ஏற்பாடு. நான் செய்திருக்கிறேன்.

கம்பம்: பழத்துக்காகப் போகிறவர்களுக்கு

இது வைன் ஊர் இல்லை. சுவைக்கும் அறை, பீப்பாய் வரிசை எதையும் நினைத்துக்கொண்டு போகாதீர்கள். பன்னீர் திராட்சைக்காக மட்டும் போங்கள்.

மஸ்கட் ஹாம்பர்க் என்கிற ரகத்துக்கு நம்மவர்கள் வைத்த பெயர் பன்னீர் திராட்சை. கடித்தவுடன் ரோஜாவும் தேனுமாக ஒரு மணம் மூக்கின் பின்பக்கம் ஏறும், அதனால் வந்த பெயர். 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தார் என்பது ஊரில் வழங்கும் வரலாறு. 2023இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, கூடலூர் என்று பள்ளத்தாக்கு முழுக்கக் கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தல். நாசிக்கில் வைன் கொடி வேலி மாதிரி வரிசையாக நிற்கும், நீங்கள் அதைப் பக்கவாட்டில் பார்ப்பீர்கள். இங்கே கொடி உங்கள் தலைக்கு மேல். குனிந்துதான் நடக்க வேண்டும். வெளியே பன்னிரண்டு மணி வெயில் கொளுத்தும்போது உள்ளே பச்சை வெளிச்சமும் ஈர மண்ணும், முகத்துக்கு நேரே கறுத்த குலைகளும். கத்தரியோடு பெண்கள் ஒரு பக்கமாக வெட்டிக்கொண்டே வருவார்கள். உதிர்ந்ததைக் கழித்து, பெட்டியில் அடுக்கி, தராசில் ஏற்றும் வரை எல்லாம் உங்கள் கண் முன்னால். கேரளத்து வியாபாரியின் வண்டி வரப்பிலேயே நிற்கும். குமுளி மலை ஏறினால் அவர் ஊர்தானே.

இன்னொரு சாதகம், தேதி. இங்கே ஒரே கொடியில் வருடத்துக்கு இரண்டு போகமாவது எடுக்கிறார்கள். ஒவ்வொரு தோட்டக்காரரும் ஒவ்வொரு நேரத்தில் கவாத்து செய்வதால் எந்த மாதம் போனாலும் எங்காவது ஒரு பந்தல் கறுத்துக்கொண்டிருக்கும். நாசிக்குக்கும் நந்திக்கும் தேதி தவறினால் போச்சு, இங்கே அந்தக் கவலை இல்லை. பருவம் தவறிப் பெய்கிற மழைக்கு மட்டும் பயப்பட வேண்டும். பழுத்த நேரத்தில் கொட்டினால் பழம் வெடித்துவிடும்.

ஒரு வேடிக்கை. இந்தத் தோட்டங்களில் அடிச்சாம்பல் நோய்க்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளிப்பார்கள். அதற்குப் பெயர் போர்டோ கலவை. பிரான்சின் போர்டோ திராட்சைத் தோட்டங்களில் 19ஆம் நூற்றாண்டில் கண்டுபிடித்த மருந்து அது. வாழ்நாளில் ஒரு சொட்டு வைன் தொடாத எங்கள் மாமா தினமும் இரண்டு தடவையாவது போர்டோ என்று சொல்வார். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், எந்தத் தோட்டத்திலும் கேட்காமல் பறித்து வாயில் போடாதீர்கள். நேற்றுத்தான் மருந்து அடித்திருப்பார்கள்.

பயணம்தான் இதன் குறை. பெங்களூரில் இருந்து சுமார் 500 கிலோமீட்டர், இரவுப் பேருந்தில் முழு ராத்திரியும் போய்விடும். கன்டோன்மென்டில் இருந்து மதியம் கிளம்பும் மதுரை வந்தே பாரத் ரயிலில் ஏறினால் இரவில் திண்டுக்கல், அங்கிருந்து 115 கிலோமீட்டர் கார். விடுதிகள் எளிமையானவை, மலையைப் பார்த்த நீச்சல் குளம் எல்லாம் வேண்டுமென்றால் தேக்கடிக்கு ஏறிவிடுங்கள். சுருளி அருவி, லோயர் கேம்பில் பென்னிகுவிக் மணிமண்டபம் இரண்டும் பக்கம்தான். 1895இல் அவர் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணைத் தண்ணீர்தான் இந்தப் பள்ளத்தாக்குக்குச் சோறு போடுகிறது. பொங்கலை ஒட்டி அவர் பிறந்த நாளான ஜனவரி 15இல் போனால் ஊரே அவருக்குப் பொங்கல் வைப்பதைப் பார்க்கலாம்.

சொந்தக்காரர்கள் இருந்தால் அதுவும் ஒரு செலவுதான், பணமாக இல்லை. மூன்று வீட்டில் சாப்பிட வேண்டும், ஒரு வீட்டை விட்டால் வருடம் முழுக்கப் பேச்சு. அப்புறம் பழம். தோட்டத்து விலையைக் கேட்டதும் கை நீளும், பெட்டியாக வாங்குவீர்கள். பன்னீர் திராட்சை தாங்காது, இரண்டு மூன்று நாளில் காம்பிலிருந்து உதிர ஆரம்பித்துவிடும்.

வைனும் வேண்டும், கம்பமும் வேண்டும் என்று கர்நாடகத்து பாட்டிலைப் பையில் வைத்துக்கொண்டு ஒசூர் தாண்டாதீர்கள். தமிழ்நாட்டு மதுவிலக்குச் சட்டம் வேறு.

எங்கேயும் போக முடியாதவர்களுக்கு

கர்நாடகத்தின் தோட்டக்கலைக் கூட்டுறவு அமைப்பான ஹாப்காம்ஸ் வருடாவருடம் இந்தப் பருவத்தில் திராட்சை, தர்பூசணி மேளா நடத்துகிறது. விலையில் தள்ளுபடி உண்டு. பெங்களூர் புளூவும் விதையில்லாத ரகங்களும் ஒரே இடத்தில் கிடைக்கும். ஒரு மணி நேர வேலை, மெட்ரோ டிக்கெட் செலவு.

ஒரே பார்வையில்

| | நந்தி | நாசிக் | கம்பம் |
|---|---|---|---|
| தேவையான நாள் | ஒரு பகல் | இரண்டு இரவு | இரண்டு இரவுப் பயணம், ஒரு இரவு தங்கல் |
| நல்ல மாதம் | பிப்ரவரி, மார்ச் | ஜனவரி கடைசி முதல் மார்ச் தொடக்கம் வரை | எப்போதும், மழை இல்லாத வாரம் |
| கண்ணால் அறுவடை | கேட்டுப் போனால் | வார நாளில் | நிச்சயம் |
| வைன் | உண்டு | நிறைய | இல்லை |
| குழந்தைகள், பெரியவர்கள் | சுமார் | கோவிலோடு சேர்த்தால் நல்லது | மிக நல்லது |
| தெரியாத செலவு | ஓட்டுநர் | வாரக்கடைசி வாடகை | தூக்கம், சொந்தபந்தம் |

கேட்டவர்களுக்கு நான் சொன்னது

அலுவலகத்துக் கம்பத்துக்காரியிடம் நாசிக் என்றேன். கல்யாணமாகி முதல் வருடம், இருவரும் வைன் குடிப்பவர்கள், பந்தல் அவளுக்குப் புதிதில்லை. செவ்வாய், புதன் லீவு போடச் சொன்னேன். இன்னொருவர் வைன் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிற பையன். நொதிக்கும் கூடத்தைப் பார்க்க அவனுக்கு நந்தி போதும். அதுவும் ஒரே பருவத்தில் இரண்டு முறை, ஜனவரியில் வெள்ளைக்கு ஒரு தடவை, மார்ச்சில் சிவப்புக்கு ஒரு தடவை. நாசிக்குக்கு ஒரு முறை போகிற காசில் அது முடிந்துவிடும்.

மூன்றாவது மாடி அண்ணனுக்கு எழுபது வயது அம்மா, இரண்டு பையன்கள். அவர் குடிக்கவும் மாட்டார். அவருக்கு வைன் தோட்டமே தேவையில்லை என்று சொல்ல எனக்கு இரண்டு காபி ஆனது. பிப்ரவரியில் கம்பம் போய்வந்தார். போன திங்கட்கிழமை மாடிக்கு ஒரு கிலோ வீதம் பையன்கள் பழம் கொண்டுவந்து கொடுத்தார்கள். பெட்டி கணக்கில் நான் சொன்னதை அவர் கேட்கவில்லை. புதன்கிழமை லிஃப்டில் அவர் அம்மாவைப் பார்த்தேன். பழம் பிரமாதம் என்றார். "அது சரி, அந்த நாசிக்ல திரியம்பகேஸ்வரர் கோவில் இருக்காமே, அதை ஏன் எம்பையன்கிட்ட சொல்லல?"